மூச்சு படாமல்

கூடலூரிலிருந்து ஹனீபா கொண்டுவந்த குப்பியில்
அரிசி நொய்யளவு சிறுநீரகம்.
"நடுவட்டம் ஏத்தத்துல ஒரு லாரி படுத்துக்கிச்சு,
ரெண்டு மணி நேரம்" என்றார்
ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே.
குப்பிமேல் எண் நாற்பத்தேழு. வயது ஆறு.
பெயர் எழுத இடமில்லை.

ஊசி வெளியே வந்த நொடியிலேயே
குளுட்டரால்டிஹைடு அதை நிறுத்திவிட்டது.
பாதிச் சொல்லில் வாய் திறந்தபடி நிற்கும் சந்தை.
அடுத்து ஆஸ்மியம்.
அதற்குக் கண்கள் மேல்தான் ஆசை;
ஆவி பட்டால் கருவிழியையும் கறுக்க வைக்கும்.
புகைக்கூண்டுக்குள் கைகளை மட்டும் அனுப்புகிறேன்.
ஒரு மணியில் நொய்
கருஞ்சீரகமாகிறது.

பிறகு தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.
முப்பது, ஐம்பது, எழுபது, தொண்ணூறு,
கடைசியில் சொட்டு ஈரமற்ற ஆல்கஹால்.
கார்த்திகை மாதக் குன்னூரில்.
துவைத்த சட்டை மூன்று நாள் காயாத,
உரசினால் தீக்குச்சி மருந்து மட்டும் உதிரும்,
உப்பு ஜாடியில் உப்பு
நின்ற இடத்திலேயே நீராகும் ஊரில்
கடைசித் துளிவரை ஈரம் போக வேண்டும்
கடுகளவு சதைக்குள்ளிருந்து.

போன ஐப்பசியில் ஜன்னல் இடுக்கு வழியாக
மஞ்சு உள்ளே வந்து ரெசினில் இறங்கிவிட்டது.
பதினோரு கட்டிகள் அல்வாவாகவே நின்றன.
டாக்டர் மெர்லின் திட்டவில்லை.
"எந்தெந்த நம்பர்?" என்று மட்டும் கேட்டார்.
அதில் ஒன்றை மறுபடி எடுக்க முடியாது என்பது
இருவருக்கும் தெரியும்.
அன்றிலிருந்து இடுக்கில் மெழுகு.

அறுபது டிகிரியில் இரண்டு இரவு.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது
வாட்ச்மேன் போஜன்.
ஓவன் தலையில் அவன் சாக்ஸ் காய்வதை
நான் பார்ப்பதில்லை.

கண்ணாடியை உடைத்துத்தான் கத்தி.
உடைந்த விளிம்பின் கூர்
மத்தியானம்வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.
வெட்ட வெட்டத் துண்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன.
ஊதா என்றால் தடிமன், போகட்டும்.
பொன் என்றால் பரவாயில்லை.
வெள்ளி வரும்வரை காத்திருக்கிறேன்:
ஒரு தலைமுடியின் குறுக்களவை
ஆயிரமாய்ப் பிளந்தால் அதில் ஒன்று.

அவற்றைத் தள்ள
குச்சியில் ஒட்டிய ஓர் இமைமயிர்.
என்னுடையது சுருள், உதவாது.
இது ஸ்டெல்லாவுடையது.
அவள் கனடா போய் நாலு வருஷம்,
இமையில் ஒன்று மட்டும்
இன்னும் இங்கே வேலைக்கு வருகிறது.

ஈயத்துக்கு மூச்சு ஆகாது.
சாயத்தின் மேல் ஒரு பெருமூச்சு விட்டால் போதும்,
படமெல்லாம் மிளகுத்தூள்.
முகமூடி கட்டி, அதற்குள்ளும் அடக்கிக்கொண்டு
செப்பு வலையைக் கவிழ்க்கிறேன்.
வெளியே மலை
கவலையில்லாமல் மூச்சு விடுகிறது.

விளக்கை அணைத்தால் பச்சைத் திரை.
சாதா மைக்ராஸ்கோப்பில்
எல்லாம் சரி என்றுதான் எழுதியிருந்தார்கள்.
இங்கே, வடிகட்டியைப் பற்றி நிற்கும் செல்கள்
விரல் கோத்ததுபோலப்
பாதம் பாதமாய்த் தெரிய வேண்டும்.
தெரியவில்லை.
கரைந்து ஒரே விரிப்பு.
காலையில் முகம் வீங்கி
செருப்புக்குள் கால் நுழையாத ஒரு பிள்ளைக்கு
உள்ளே பாதங்களே இல்லை.

டாக்டர் மெர்லின் வெகுநேரம் பார்த்தார்.
"நல்லதுதான். இது பெரும்பாலும் மாத்திரைக்குக் கேட்கும்.
திரும்ப முளைக்கும்."
நாற்பத்தேழு என்று எழுதி, படத்தைச் சேமித்தேன்.

வாசலுக்கு வந்த பிறகுதான்
மூச்சு ஞாபகம் வந்தது.
விட்டேன். குளிரில் அது வெள்ளையாய்த்
தேயிலை பக்கம் போனது.
போஜன் டார்ச்சை அணைத்தான்.
"அக்கா, ஓவன் காலியா?"